'அலர்ஜி'ன்னு பேர் வெச்சது யாரு? குதிரை ஊசியும் ஒரு குழந்தை டாக்டரின் நாள் கணக்கும்

ஒட்டடை அடிச்சா அடுக்கடுக்காத் தும்மல். இறால் சாப்பிட்டா உதடு வீங்குது. புது வாட்ச் கட்டின இடத்துல அரிப்பு. பென்சிலின் போட்டா உடம்பெல்லாம் தடிப்பு. நாலும் வேறு வேறு தொல்லைகள். ஆனால் நாலுக்கும் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: அலர்ஜி.

இன்று ஆபீஸ் கேன்டீனில்கூட சாதாரணமாகப் புழங்கும் இந்தச் சொல், 1906-க்கு முன்பு மருத்துவத்தில் கிடையாது. அதை உருவாக்கியவர் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் வேலை பார்த்த 32 வயது குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே. தும்மலையோ இறாலையோ பார்த்து அவருக்கு இந்த யோசனை வரவில்லை. உயிர் காக்கும் ஊசி போட்டுப் பிழைத்த குழந்தைகள், பத்து நாள் கழித்து மறுபடியும் காய்ச்சலில் படுத்ததைப் பார்த்து வந்தது.

பாதிரியார் ஆகியிருக்க வேண்டியவர்

பிர்கே 1874 மே 12-ல் வியன்னாவை ஒட்டிய ஹிர்ஷ்ஷ்டெட்டன் என்ற ஊரில், வசதியான பிரபு குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் அவரைத் திருச்சபைப் பணிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தது. அதற்காக இன்ஸ்ப்ரூக்கில் இறையியல் படித்தார், பிறகு பெல்ஜியத்தின் லூவன் நகரில் தத்துவம் படித்தார். அங்கிருந்து மனம் மாறி மருத்துவத்துக்குத் தாவினார். அந்தக் காலத்துப் பிரபு குடும்பங்களில் டாக்டர் வேலைக்குப் பெரிய மரியாதை கிடையாது. நோயாளி வீட்டுக்குப் போய் நாடி பிடித்துக் காசு வாங்குகிற தொழில்தானே என்ற எண்ணம். வியன்னா, கோனிக்ஸ்பெர்க், கிராட்ஸ் என மூன்று ஊர்களில் படித்து 1900-ல் பட்டம் வாங்கினார்.

அவரது தம்பி கீடோ பிர்கே ராக்கெட் ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர். நிலவில் 'பிர்கே' என்ற பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. அது டாக்டர் அண்ணனின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம், தம்பியுடையது.

பட்டம் வாங்கிய கையோடு பிர்கே வியன்னாவின் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே தலைமை மருத்துவராக வந்தவர் தியோடர் எஷரிக். ஈ-கோலி பாக்டீரியாவின் முழுப்பெயரில் முதல் பாதி இவரிடமிருந்து வந்ததுதான். அந்த மருத்துவமனையில் பிர்கேவுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். ஹங்கேரியில் பிறந்த பேலா ஷிக். இருவரும் ஒரே வார்டில் வேலை பார்த்தார்கள், ஒரே குழப்பத்தை எதிர்கொண்டார்கள்.

குதிரையிலிருந்து வந்த மருந்து

அந்தக் குழப்பம் புரிய, டிஃப்தீரியாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். தமிழில் தொண்டை அடைப்பான். பெயரே சொல்வதுபோல, குழந்தையின் தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைத்துக் கொல்லும் நோய். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் காலி செய்தது. 1890-களில் இதற்கு ஒரு மருந்து வந்தது. கிருமியின் நச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு எதிர்மருந்தைத் தயாரிக்கும். குதிரை ரத்தத்திலிருந்து அந்தத் தெளிந்த நீரை, அதாவது சீரத்தை எடுத்து நோயுற்ற குழந்தைக்குப் போடுவார்கள். இதற்குத்தான் 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே எமில் ஃபான் பெரிங்குக்குக் கிடைத்தது.

வியன்னா மருத்துவமனையில் ஸ்கார்லெட் காய்ச்சலுக்கும் இதேபோல் குதிரை சீரம் போட்டுப் பார்த்தார்கள். அதன் அளவு டிஃப்தீரியா ஊசியைவிட ரொம்ப அதிகம். குழந்தை பிழைத்துவிடும். வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் நேரத்தில், எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள், திடீரென்று காய்ச்சல் வரும். உடம்பு முழுக்க அரிப்போடு தடிப்பு. மூட்டு வலி. கழுத்தில் நெறி கட்டும். முகம் வீங்கும். சில நாளில் தானாகவே சரியாகிவிடும்.

குதிரை சீரத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அதனால்தான் இப்படி என்று பலரும் நினைத்தார்கள். அழுக்கு என்றால் ஊசி போட்ட அன்றைக்கே காய்ச்சல் வர வேண்டாமா? ஏன் எட்டு நாள் காத்திருக்க வேண்டும்?

பிர்கேவின் கையில் பெரிய ஆய்வுக்கூடக் கருவி எதுவும் இல்லை. வார்டில் தொங்கிய காய்ச்சல் அட்டவணையும் நாள்காட்டியும்தான். இன்னொன்றையும் அவர் கவனித்தார். ஏற்கெனவே ஒருமுறை சீரம் போட்ட குழந்தைக்கு, மாதங்கள் கழித்து மறுபடி போட்டால், எட்டு நாள் எல்லாம் இல்லை. சில சமயம் அன்றைக்கே, சில நிமிடங்களிலேயே தடிப்பு வந்தது.

எட்டு நாள் யாருடைய நாள்?

அன்றைய பாடப்புத்தகம் சொன்னது இதுதான்: நோய்க்கிருமி உள்ளே போனபின் பெருகுவதற்கு நேரம் எடுக்கும், அதனால்தான் அம்மையோ காய்ச்சலோ சில நாள் கழித்து வெளியே தெரிகிறது. சீரத்தில் கிருமியே கிடையாது. பெருகுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அதே போன்ற காத்திருப்பு. அப்படியானால் அந்த நாட்கள் கிருமிக்குச் சொந்தமானவை அல்ல, உடம்புக்குச் சொந்தமானவை என்ற முடிவுக்கு பிர்கே வந்தார். வெளியிலிருந்து வந்த பொருளை அடையாளம் கண்டு, அதற்கு எதிர்ப்பொருள் தயாரிக்க உடம்புக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எதிர்ப்பொருள் தயாராகும்போது ரத்தத்தில் குதிரைப் புரதம் இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டும் மோதும்போதுதான் காய்ச்சலும் தடிப்பும். இரண்டாம் முறை ஊசி போடும்போது உடம்புக்கு ஆளைத் தெரியும், அதனால் உடனே பாய்கிறது.

கேட்க எளிமையாக இருக்கிறது. அன்றைக்கு அது கிட்டத்தட்ட அபச்சாரம். எதிர்ப்பொருள் என்றாலே காவல்காரன் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். காவல்காரனே வீட்டை உடைக்கிறான் என்று ஓர் இளம் டாக்டர் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? 1903-ல் பிர்கே தன் கருத்தை எழுதி, முத்திரை வைத்த உறையில் வியன்னா அறிவியல் அகாதமியிடம் ஒப்படைத்தார். பின்னால் வேறு யாராவது சொந்தம் கொண்டாடினால், தேதி சாட்சி சொல்லும் என்ற முன்யோசனை. 1905-ல் ஷிக்குடன் சேர்ந்து 'சீரம் நோய்' பற்றிய புத்தகத்தை வெளியிட்டார்.

இதே காலத்தில் பிரான்சில் வேறொரு பாதையில் சார்ல் ரிஷே இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். கடல் சாமந்தியின் நச்சைக் கொஞ்சமாக நாய்களுக்குப் போட்டால் பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார். இரண்டாம் முறை மிகச் சிறிய அளவு போட்டதுமே நாய் மூச்சுத் திணறிச் செத்தது. 1902-ல் இதற்கு 'அனஃபிலாக்சிஸ்' என்று பெயர் வைத்தார். 1913-ல் நோபல் அவருக்குப் போனது. பிர்கேவின் பெயரும் நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டது, கடைசி வரை கிடைக்கவில்லை.

இரண்டு பக்கத்தில் ஒரு சொல்

1906 ஜூலையில் மியூனிக்கிலிருந்து வரும் மருத்துவ வார இதழில் பிர்கேவின் ஒரு சிறு கட்டுரை வந்தது. மொத்தமே இரண்டு பக்கம்தான். தலைப்பு, அலர்ஜி. கிரேக்க மொழியில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். ஒரு பொருளை ஒருமுறை சந்தித்த உடம்பு, அடுத்த முறை வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பதுதான் அதன் பொருள்.

கவனிக்க வேண்டியது, அவர் வைத்த பொருளில் அலர்ஜி கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு அம்மை வராமல் இருப்பதும் மாறிய செயல்தான். சீரம் ஊசியால் காய்ச்சல் வருவதும் மாறிய செயல்தான். இரண்டையும் ஒரே குடைக்குள் வைத்தார். அந்தக் குடைக்குள் மகரந்தத்தால் வரும் தும்மலையும், தேனீ, கொசுக் கடியையும், ஸ்ட்ராபெர்ரியும் நண்டும் சாப்பிட்டால் வரும் தடிப்பையும் சேர்த்தார். இப்படிச் செய்யும் பொருளுக்கு 'அலர்ஜன்' என்ற சொல்லும் அங்கேதான் பிறந்தது.

காலப்போக்கில் நல்ல பாதிக்கு 'இம்யூனிட்டி' என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது. கெட்ட பாதி மட்டும் அலர்ஜி ஆனது. தமிழில் நாம் சொல்லும் 'ஒவ்வாமை'யும் இந்தக் கெட்ட பாதியின் மொழிபெயர்ப்புதான். நல்ல சொல்தான், ஆனால் பிர்கே சொல்ல வந்ததில் பாதியைத்தான் சொல்கிறது.

முன்கையில் ஒரு கீறல்

அடுத்த ஆண்டே, 1907-ல், அவர் தன் யோசனையைக் காசநோய்க்குப் போட்டுப் பார்த்தார். ராபர்ட் கோக் 1890-ல் காசநோய்க்கு மருந்து என்று அறிவித்துத் தோற்றுப்போன 'டியூபர்குலின்' திரவம் அப்போது சும்மா கிடந்தது. அதில் ஒரு சொட்டைக் குழந்தையின் முன்கையில் வைத்து, அம்மை குத்துவதுபோல் தோலை லேசாகக் கீறினார். ஒன்றிரண்டு நாளில் அந்த இடம் சிவந்து தடித்தால், உடம்பு காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று பொருள். உடம்பின் ஞாபகத்தைத் தோலில் படித்துக் காட்டிய முதல் எளிய சோதனை என்றே இதைச் சொல்லலாம்.

நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த வியன்னாக் குழந்தைகளில் பலருக்கும் கை தடித்தது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. நோய் வெளியே தெரியாமலேயே கிருமி உள்ளே உறங்கிக் கிடக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் முன்கையில் ஊசி போட்டு, ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டுங்க என்று அனுப்புகிறார்களே, அந்த மான்டூ டெஸ்ட் இதன் திருத்திய வடிவம்தான்.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு இந்தத் தடிப்பு கொஞ்ச காலம் காணாமல் போனது. தட்டம்மை, உடம்பின் எதிர்ப்பை முடக்கிப் போடுகிறது என்பதற்கான முதல் மருத்துவப் பதிவு அது. தட்டம்மைத் தடுப்பூசியைப் பற்றிப் பேசும் நிபுணர்கள் இன்றும் பிர்கேவின் 1908-ம் ஆண்டுக் கவனிப்பிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள்.

இத்தனை நாள் சாப்பிட்டேனே, இப்ப மட்டும் ஏன்?

அலர்ஜி வந்தவர்கள் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பத்து வருஷமா இறால் சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகலையே! பிர்கேவின் கணக்குப்படி அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. முன்பின் தெரியாத பொருளுக்கு அலர்ஜி வராது. உடம்பு அதை எங்கேயோ ஒருமுறையாவது சந்தித்திருக்க வேண்டும், சில சமயம் நமக்கே தெரியாமல்.

அவர் கற்றுத்தந்த இன்னொன்று, கடிகாரத்தைப் பார்ப்பது. எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதை வைத்தே அலர்ஜியின் வகையை ஓரளவு பிரித்துவிடலாம்.

நிமிடங்களில் வருவது ஒரு வகை. தூசியில் இருக்கும் நுண்பூச்சி, மகரந்தம், பூனை, நாய்: இவற்றால் தும்மல், மூக்கில் தண்ணீராக ஒழுகுவது, கண் அரிப்பு, சிலருக்கு இழுப்பு. இறால், நண்டு, வேர்க்கடலை, முட்டை, பால்: இவற்றால் வாய் நமைச்சல், உதடு வீக்கம், தோலில் திட்டுத் திட்டாகத் தடிப்பு, வாந்தி, வயிற்றுப் பிடிப்பு. குளவி, தேனீக் கொட்டும் சில மருந்துகளும் இதே வேகத்தில் வேலையைக் காட்டும். இதில் ஆபத்தானது, ரிஷேயின் நாய்க்கு நடந்தது. குரல் கம்மி, தொண்டை இறுகி, மூச்சுத் திணறி, தலை சுற்றி, ரத்த அழுத்தம் சரியும். அந்த நேரத்தில் செட்ரிசின் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். உடனே 108.

ஒன்று முதல் மூன்று நாளில் வருவது இன்னொரு வகை. கவரிங் நகையிலும் வாட்ச் பக்கிளிலும் இருக்கும் நிக்கல், ஹேர் டை, கட்டட வேலை செய்பவர்களுக்கு சிமென்ட். பட்ட இடத்தில் சிவந்து, கொப்புளித்து, நீர் கோத்து, அரிக்கும். ஞாயிற்றுக்கிழமை போட்ட டைக்கு செவ்வாய்க்கிழமை நெற்றி வீங்கும், நாம் செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காயைக் குற்றம் சொல்வோம். காசநோய்ச் சோதனையின் தடிப்பும் இந்த மெதுவான வகைதான்.

வாரம், பத்து நாள் கழித்து வருவது மூன்றாவது வகை. பிர்கே முதலில் பார்த்த அதே சீரம் நோய். டிஃப்தீரியாவே அரிதாகிவிட்ட காலத்தில் இது எதற்கு என்று தோன்றலாம். நம் நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து இன்றும் குதிரையிலிருந்துதான் தயாராகிறது. பாம்புக்கடியிலிருந்து பிழைத்து வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வந்தால், அது விஷம் மிச்சம் இருப்பதால் அல்ல. குதிரைப் புரதத்தை உடம்பு அடையாளம் கண்டுகொண்டதால். இதை ஊசி போட்ட டாக்டரிடமே போய்ச் சொல்ல வேண்டும், சரியாக்கக்கூடியதுதான்.

பால் குடித்தால் வயிறு உப்புவது, ஏசி ஒத்துக்கொள்ளாதது எல்லாவற்றையும் நாம் அலர்ஜிக் கணக்கில் எழுதுகிறோம். பால் செரிக்காமல் போவது பெரும்பாலும் நொதிக் குறைபாடு, அலர்ஜி அல்ல. பிர்கேவின் குடை ரொம்பவே விரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் அளந்த மனிதர்

டியூபர்குலின் சோதனை அவரை உலகப் பிரபலம் ஆக்கியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பால்டிமோருக்கு அழைத்துக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஆக்கியது. அங்கே நிலைக்கவில்லை. 1910-ல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகருக்குப் போனார். 1911-ல் எஷரிக் இறக்க, அவர் நாற்காலியில் உட்கார வியன்னாவுக்கே திரும்பினார்.

பிறகு முதல் உலகப்போர். வியன்னா பட்டினியில் விழுந்தது. பிர்கேவின் நாள் கணக்கு மூளை இப்போது உணவுக் கணக்கில் இறங்கியது. கலோரி என்பது அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குப் புரியாது என்று, ஒரு கிராம் பாலின் சத்தை ஓர் அலகாக வைத்து 'நெம்' என்று பெயரிட்டார். எல்லா உணவையும் இத்தனை நெம் என்று கணக்கிட்டார். குழந்தை உட்கார்ந்திருக்கும்போது உள்ள உயரத்தையும் எடையையும் வைத்து, அது பட்டினியில் இருக்கிறதா என்று சொல்ல ஒரு சூத்திரமும் போட்டார். போர் முடிந்ததும் அமெரிக்க நிவாரண அமைப்பு ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு உணவு கொடுக்க வந்தபோது, அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. யாருக்கு முதலில் சாப்பாடு என்பதைச் சிபாரிசு முடிவு செய்யவில்லை, சூத்திரம் முடிவு செய்தது. லட்சக்கணக்கான குழந்தைகள் அப்படிச் சாப்பிட்டார்கள்.

நெம் கணக்கு மற்ற நாடுகளில் எடுபடவில்லை. தன் கண்டுபிடிப்பின் மீதான பாசத்தில் அவர் அதைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அலர்ஜி ஆராய்ச்சி மெல்ல அவர் கையைவிட்டுப் போனது. 1921-ல் பிரெஸ்லாவில் கார்ல் பிராஸ்னிட்ஸ் என்ற மருத்துவர், மீன் ஒத்துக்கொள்ளாத தன் சக மருத்துவர் ஹைன்ஸ் கூஸ்ட்னரின் சீரத்தைத் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். மீன் அலர்ஜியே இல்லாத அவர் தோல் தடித்தது. அலர்ஜியைச் சுமக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில்தான் இருக்கிறது என்பது நிரூபணமானது. அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர் வைக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

வியன்னாவில் பிர்கே பெரிய மனிதர். 1928-ல் ஆஸ்திரிய அதிபர் பதவிக்குக்கூட அவர் பெயர் அடிபட்டது. வெளியே இவ்வளவு வெளிச்சம். வீட்டில் நிலைமை வேறு. மரியா ஃபான் ஹூசனை அவர் மணந்ததை அவர் குடும்பம் ஏற்கவே இல்லை. குழந்தைகள் இல்லை. மனைவி நெடுங்காலம் மனநலம் குன்றி அவதிப்பட்டார். நாடு முழுக்கக் குழந்தைகளின் உடல்நிலையை எண்ணாகப் பதிவுசெய்த மனிதரின் வீட்டில் நடந்ததை யாரும் பதிவுசெய்யவில்லை. 1929 பிப்ரவரி 28 அன்று கணவன், மனைவி இருவரும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவருக்கு வயது 54.

கூட்டாளி ஷிக் அதற்கு முன்பே, 1923-ல், நியூயார்க் போய்விட்டிருந்தார். டிஃப்தீரியா யாருக்கு வரக்கூடும் என்று கண்டுபிடிக்கும் ஷிக் சோதனையால் அவரும் புகழ்பெற்றார். 1966, 67-ல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் ஜொஹான்சன், பென்னிக் ஆகியோரும், பிராஸ்னிட்ஸின் தோலைத் தடிக்க வைத்த அந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். இன்று லேப் ரிப்போர்ட்டில் 'ஐஜி-ஈ' என்று வருவது அதுதான். காவல்காரனே வீட்டை உடைக்கிறான் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன் வியன்னா வார்டில் இரண்டு பேர் சொன்னதற்கு ஆதாரம் கையில் கிடைத்த அதே 1967-ம் ஆண்டின் டிசம்பரில், 90 வயதில் ஷிக் காலமானார்.